நஞ்சு உருவானது பாத்திரத்திலா, குடலிலா?

வாசகர் கேள்வி – பதில்

குடலில் நஞ்சு சுரக்கும் பாக்டீரியாக்கள் பற்றி வந்த கடிதங்கள் பலவும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன. நஞ்சு சாப்பாட்டிலேயே தயாராக இருந்ததா, சாப்பிட்ட பிறகு குடலுக்குள் உருவானதா? இது தெரியாமல் மருந்து பற்றியும் பேச முடியாது, சமையல் பற்றியும் பேச முடியாது. உணவு, ஆய்வகம் தொடர்பான கேள்விகளுக்கு நுண்ணுயிரியலாளரும், நோய் தொடர்பான கேள்விகளுக்கு மருத்துவரும் பதில் எழுதியிருக்கிறார்கள்.

கேள்வி: ஈ.கோலை எல்லார் குடலிலும் இருப்பதுதான் என்கிறார்கள். அதே ஈ.கோலையால் சிறுநீரகம் செயலிழந்தது என்றும் செய்தி வருகிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டையும் நம்பலாம். ஈ.கோலை என்பது ஒரே மாதிரியான கிருமி அல்ல. பெரும்பாலான வகைகள் குடலில் சாதுவாகக் கிடக்கும். சில வகைகளுக்குள் மட்டும் ஷிகா நச்சுக்கான மரபணு புகுந்திருக்கிறது. அது அவற்றின் சொந்தச் சரக்குகூட இல்லை. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ் ஒன்று, அதாவது ஃபேஜ், தன் மரபணுத் தொகுதியை ஈ.கோலையின் டி.என்.ஏ.வுக்குள் சொருகிவிட்டு உறங்குகிறது. நச்சுக்கான குறிப்பு அந்த ஃபேஜுக்குள் இருக்கிறது. இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் பற்றிய கேள்வியிலும் ஆய்வகக் கேள்வியிலும் இதுவே விடையாக வரும்.

நச்சுக்கு இந்தப் பெயர் வந்தது, 1897இல் ரத்தபேதிக் கிருமியைக் கண்டறிந்த ஜப்பானிய ஆய்வாளர் கியோஷி ஷிகாவிடமிருந்து. சில ஈ.கோலை வகைகளும் குரங்குச் சிறுநீரக செல்களைக் கொல்லும் நச்சைச் சுரக்கின்றன என்பது 1977இல் தெரிந்தது. பிறகுதான் அது ஷிகா நச்சின் உறவு என்று புரிந்தது. 1982இல் அமெரிக்காவின் ஓரிகன், மிச்சிகன் மாநிலங்களில் சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களுக்கு ரத்த வயிற்றுப்போக்கு வந்தபோது, ஓ157:எச்7 என்ற வகை முதன்முதலாக மாட்டிக்கொண்டது.

நச்சின் வேலை மிகத் துல்லியமானது. அதன் ஐந்து பி துண்டுகள் சேர்ந்து, செல்லின் மேற்பரப்பில் உள்ள ஜிபி3 என்ற ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். ஏ துண்டு உள்ளே போய், செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமின் ஆர்.என்.ஏ.வில் ஒரே ஒரு அடினினை வெட்டி எடுத்துவிடும். அதோடு அந்த செல்லில் புரதத் தயாரிப்பு நின்றுவிடும். மனிதச் சிறுநீரகத்தின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஜிபி3 ஏராளம். மாட்டின் ரத்தக் குழாய்களில் அது இல்லை. அதனால்தான் மாடு இந்தக் கிருமியைக் குடலில் சுமந்துகொண்டு நோயே இல்லாமல் நடமாடுகிறது.

ஆனால் எல்லாப் பழியையும் மாட்டின் மேல் போட முடியாது. 2011இல் ஜெர்மனியில் சுமார் 3,800 பேரைத் தாக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஓ104:எச்4, மனிதக் குடலில் ஒட்டிக்கொள்ளும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. எங்கோ ஒரு கட்டத்தில் ஷிகா நச்சு ஃபேஜ் அதற்குள் நுழைந்துவிட்டது. இருக்கிற கிருமிக்குப் புதிய ஆயுதம் கிடைத்த கதை அது.

கேள்வி: எது கெட்டுப்போயிருந்தாலும் நன்றாகக் கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும்தானே ஐயா? அப்புறம் ஏன் சூடாகச் சாப்பிட்டவர்களுக்கும் வாந்தி வருகிறது?

பதில்: கிருமி செத்துவிடும். நஞ்சு சாகாது, அதற்கு உயிரே இல்லை. அதனால் நஞ்சு எங்கே, எப்போது உருவாகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதல் ரகத்தில் நஞ்சு உணவிலேயே தயாராகிவிடும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் அப்படிப்பட்டது. சமைப்பவரின் மூக்கு, கை, புண்ணிலிருந்து உணவுக்கு வந்து, அறை வெப்பத்தில் பெருகி, நச்சைச் சுரக்கும். பொதுவாக ஒரு கிராமில் ஒரு லட்சம் கிருமி என்ற அளவைத் தாண்டும்போது ஆபத்து. கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும். ஆனால் 100 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தாலும் நச்சு தாக்குப்பிடிக்கும். 2000இல் ஜப்பானில் 13,000 பேருக்கு மேல் பாதித்த பால் விவகாரம் இதற்குப் பாடநூல் உதாரணம். தொழிற்சாலையில் மின்சாரம் நின்றபோது வெதுவெதுப்பாகக் கிடந்த பாலில் கிருமி பெருகியது. பிறகு அந்தப் பாலைச் சூடாக்கிப் பொடியாக்கினார்கள். கிருமி போய்விட்டது, நச்சு பொடியில் தங்கிவிட்டது.

பேசில்லஸ் சீரியஸ் இதையும் மிஞ்சும். வெந்த சோற்றை வெளியே மணிக்கணக்கில் வைத்தால் அது சுரக்கும் செரியுலைடு என்ற வளைய வடிவ நச்சு, 121 டிகிரியில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது. வயிற்று அமிலமும் அதை ஒன்றும் செய்யாது. எவ்வளவு சுடச்சுடப் பரிமாறினாலும் பயன் இல்லை என்று சொல்வது இதனால்தான்.

இரண்டாவது ரகத்தில் உயிரோடு விழுங்கிய கிருமி குடலுக்குள் போய் நஞ்சைச் சுரக்கும். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ், ஷிகா நச்சு ஈ.கோலை, காலராக் கிருமி, சீரியஸின் இன்னொரு முகமான வயிற்றுப்போக்கு வகை எல்லாம் இங்கே வரும். இவற்றுக்கு மட்டும் மறுசூடு உண்மையிலேயே உதவும். நஞ்சு இன்னும் உருவாகாத நிலையில் கிருமியைக் கொன்றுவிடுகிறீர்கள்.

கடிகாரத்தை வைத்தே ஓரளவு பிரித்துச் சொல்லலாம். சாப்பிட்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி என்றால் பாத்திரத்து நஞ்சு. எட்டு முதல் பதினாறு மணி நேரத்தில் வயிற்று முறுக்கலும் நீர் வயிற்றுப்போக்கும் வந்து, வாந்தியோ காய்ச்சலோ பெரிதாக இல்லாமல் ஒரே நாளில் அடங்கினால் பெர்ஃபிரிஞ்சன்ஸ் அல்லது சீரியஸ். மூன்று நான்கு நாள் கழித்துத் தொடங்கி ரத்தமாக மாறினால் ஷிகா நச்சு ஈ.கோலையை நினைக்க வேண்டும். கடைசியாகச் சாப்பிட்டதன் மேல் பழி போடுவது மனித இயல்பு. ஆனால் இந்த மூன்றாவது வகையில் குற்றவாளி நான்கு நாளுக்கு முந்தைய சாப்பாடு.

கேள்வி: பெரிய விழாக்களுக்குச் சமைக்கிறோம். 60 லிட்டர் பாத்திரத்தில் இறைச்சிக் குழம்பு. முந்தின இரவே கொதிக்கக் கொதிக்க இறக்கி மூடி வைத்துவிட்டு, காலையில் சூடு பண்ணிப் போடுகிறோம். கொதித்த குழம்பில் கிருமி எங்கிருந்து வரும்?

பதில்: வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை. பெர்ஃபிரிஞ்சன்ஸ் தன் ஸ்போராக, அதாவது தடித்த உறைக்குள் உறங்கும் வடிவமாக, குழம்புக்குள்ளேயே இருக்கிறது. கொதிநிலை அதைக் கொல்வதில்லை. முளைக்கத் தூண்டுகிறது. கொதிக்கும்போது குழம்பில் கரைந்திருந்த ஆக்சிஜன் வெளியேறிவிடும். ஆக்சிஜன் பிடிக்காத இந்தக் கிருமிக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்? போட்டிக் கிருமிகளையும் நீங்களே கொன்று கொடுத்துவிட்டீர்கள்.

இனி கணக்கைப் பாருங்கள். 43 முதல் 46 டிகிரி வரையில் இது சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கிராமுக்கு ஆயிரம் இருந்தால், நூறு நிமிடத்தில் பத்து இரட்டிப்பு. அதாவது பத்து லட்சம். நோய்க்குத் தேவையான அளவு இதுதான். மூடி போட்ட 60 லிட்டர் பாத்திரத்தின் நடுப்பகுதி அந்த வெப்பத்தில் நூறு நிமிடம் மட்டுமா இருக்கும்? இரவு முழுக்க இருக்கும்.

செய்ய வேண்டியது இது. குழம்பின் நடு வெப்பம் 57 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும். அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த நான்கு மணி நேரத்துக்குள். முதல் இரண்டு மணி நேரத்தில்தான் கண்டிப்பு. வேகமாகப் பெருகும் வெப்பநிலை அதற்குள்தான் இருக்கிறது. 60 லிட்டரை அப்படியே வைத்துக்கொண்டு இது முடியாது, எவ்வளவு நல்ல குளிரறை இருந்தாலும் சரி. அகலத் தட்டுகளில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றுங்கள். தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள், நடுவில் காற்று போக வேண்டும். மூடியை முழுக்கச் சாத்தாமல் சற்றுத் திறந்து வையுங்கள். தட்டு இல்லையென்றால் சிறு பாத்திரங்களில் பிரித்து, ஐஸ் தண்ணீரில் இறக்கி, கிளறிக்கொண்டே இருங்கள். பெரிய இறைச்சித் துண்டுகளை வெட்டிச் சிறிதாக்குங்கள்.

வெப்பமானியை நடுவில் குத்திப் பாருங்கள். ஓரம் ஆறிவிட்டது என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. காலையில் சூடாக்கும்போது குமிழி வருவதைப் பார்த்து நிறுத்தாமல், அடிவரை கிளறி எல்லா இடத்திலும் 74 டிகிரி வந்ததா என்று பாருங்கள். பரிமாறி முடியும் வரை 60 டிகிரிக்குக் கீழே விடாதீர்கள். இந்த மறுசூட்டை நம்பி ஆறவைப்பதில் அலட்சியம் காட்டவும் கூடாது. அதே குழம்பில் சீரியஸும் இருந்திருக்கலாம், அதன் நச்சுக்கு 74 டிகிரி பொருட்டே அல்ல.

இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. முந்தின இரவு சமைக்காமல் விடுவது.

கேள்வி: இறைச்சித் துண்டை உள்ளே சிவப்பாகவே சாப்பிடலாம், கொத்திய இறைச்சியை மட்டும் முழுக்க வேகவைக்க வேண்டும் என்பது ஏன்?

பதில்: மாட்டிறைச்சித் துண்டின் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டியில் பட்டதும் போய்விடும். கொத்தும்போது அந்த மேற்பரப்பு உள்ளே போய்விடுகிறது. கொத்திய இறைச்சி நடுவில் 71 டிகிரி வர வேண்டும். நிறத்தை நம்ப வேண்டாம். சில இறைச்சி 71 டிகிரிக்கு வெகு முன்பே பழுப்பாகிவிடும். ஊசி குத்தி மென்மையாக்கிய துண்டுகளையும் கொத்திய இறைச்சியாகவே கருதுங்கள்.

கேள்வி: டாக்டர், என் நான்கு வயது மகனுக்கு ரத்தத்தோடு வயிற்றுப்போக்கு. மருத்துவமனையில் ஆன்டிபயாடிக் கொடுக்காமல், தினமும் ரத்தம் எடுத்துச் சோதிக்கிறார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரையும் கூடாதாம். சரியான சிகிச்சையா இது?

பதில்: சரியான சிகிச்சைதான், அம்மா. கவனமான மருத்துவர்கள் என்றும் சொல்வேன்.

ஃபேஜ் உறங்குகிறது என்று மேலே எழுதியிருக்கிறோம். சிப்ரோஃப்ளாக்சசின், கோ-டிரைமாக்சசோல் போன்ற மருந்துகள் கிருமியின் டி.என்.ஏ.வைத் தொந்தரவு செய்யும்போது, கிருமி ஆபத்து மணியை அடிக்கிறது. அதைக் கேட்டு ஃபேஜ் விழித்துக்கொள்ளும். தன்னைப் பெருக்கிக்கொண்டு செல்லை உடைத்து வெளியேறும். ஷிகா நச்சும் கூடவே மொத்தமாகக் கொட்டும். ஓ157 தொற்றிய குழந்தைகளில் ஆன்டிபயாடிக் பெற்றவர்களுக்குச் சிறுநீரகச் சிக்கல் அதிகம் வந்ததை 2000இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. போக்கை நிறுத்தும் லோப்பரமைடு போன்றவை குடலின் அசைவைக் குறைத்து நச்சை உள்ளேயே தங்க வைக்கும். வலிக்கு ஐபுப்ரூஃபனும் வேண்டாம், சிறுநீரகத்துக்கு அது கூடுதல் பாரம்.

இதையே எல்லா ரத்த வயிற்றுப்போக்குக்கும் விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷிகா கண்டறிந்த ரத்தபேதிக் கிருமியான ஷிகெல்லா என்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படும். எனவே மலப் பரிசோதனை முதல் நாட்களிலேயே போக வேண்டும். ஒரு வாரம் கடந்தால் ஓ157 மலத்தில் அகப்படுவது குறைந்துகொண்டே போகும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரோடு சேர்த்து ஷிகா நச்சுக்கான சோதனையும் கேளுங்கள். வெறும் கல்ச்சரில் ஓ157 அல்லாத வகைகள் தப்பிவிடும்.

தினமும் ரத்தம் எடுப்பதற்குக் காரணம், ஹீமோலிட்டிக் யுரீமிக் சிண்ட்ரோம். சிவப்பணுக்கள் நொறுங்கும், தட்டணுக்கள் குறையும், சிறுநீரகம் தளரும். தொற்று உறுதியானவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது. சின்னக் குழந்தைகளில் அதைவிடக் கூடுதல். ஏமாற்றும் விஷயம், இது வரும் நேரம். போக்கு தொடங்கி சுமார் ஏழாம் நாள், குழந்தை தேறி வருவதுபோல் தோன்றும்போதுதான் வரும். முதலில் குறைவது பெரும்பாலும் தட்டணு எண்ணிக்கை, சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியாட்டினின் பின்னால் ஏறும். இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் சரிவு தெரியும்.

நீங்கள் வீட்டில் கவனிக்க வேண்டியவை: சிறுநீர் குறைகிறதா, முகம் வெளிறுகிறதா, காரணமில்லாமல் ரத்தக்கட்டு அல்லது சிவப்புப் புள்ளிகள் தோன்றுகின்றனவா, பிள்ளை வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடக்கிறானா. இதில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள், காலை வரை பொறுக்க வேண்டாம். தொடக்கத்திலேயே நரம்பு வழியாகப் போதிய உப்பு நீர் ஏற்றிய குழந்தைகளுக்குச் சிறுநீரகம் அதிகம் காப்பாற்றப்படுகிறது. அதனால் அவர்கள் டிரிப் ஏற்றச் சொன்னால் மறுக்காதீர்கள். நூறுக்கும் குறைவான கிருமிகளே தொற்றப் போதும் என்பதால், டயப்பர், கழிவறை, கை கழுவுதல் விஷயத்தில் மற்றப் பிள்ளைகளைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி: முதுகலை மாணவி. கொத்திய இறைச்சி மாதிரியில் ஷிகா நச்சு மரபணு, மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆரில் தெளிவாக பாசிட்டிவ். ஆனால் வளர்ப்புத் தட்டில் நாற்பது காலனி (கிருமிக் கூட்டம்) எடுத்துப் பார்த்தும் ஒன்றில்கூட நச்சு மரபணு இல்லை. என் பி.சி.ஆர். தவறா?

பதில்: தவறு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது இது. ஐ.எஸ்.ஓ. 13136 முறையிலேயே பி.சி.ஆர். பாசிட்டிவ் என்பது ஐயப்பாடு மட்டும்தான். உயிருள்ள ஒரு காலனி கையில் வந்தால்தான் உறுதி.

எங்கே நழுவுகிறது என்று வரிசையாகப் பார்க்கலாம். 25 கிராம் மாதிரியை 225 மி.லி. திரவத்தில் போட்டு 18 முதல் 24 மணி நேரம் வளர்த்திருப்பீர்கள். அந்தத் திரவத்தில் மிதக்கும் ஃபேஜ்களுக்குள்ளும் நச்சு மரபணு இருக்கிறது. பாக்டீரியாவே இல்லாமல் வெறும் ஃபேஜ் உங்கள் பி.சி.ஆரை பாசிட்டிவ் ஆக்கும். சி.டி. மதிப்பு (மரபணு தென்பட எத்தனை சுற்று ஆனது என்ற எண்) வளர்ப்புக்கு முன்னும் பின்னும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். உயிருள்ள கிருமி என்றால் வளர்ப்புக்குப் பின் மதிப்பு நன்றாக இறங்கியிருக்க வேண்டும். அதனால் பூஜ்ய நேரத்து மாதிரி ஒரு மி.லி. எடுத்து உறைய வைக்கும் பழக்கம் நல்லது. பலர் இதைச் செய்வதில்லை, பிறகு வருந்துகிறார்கள்.

இன்னொரு சிக்கல், நச்சு மரபணுவும், குடலில் ஒட்டிக்கொள்ள உதவும் ஈ.ஏ.ஈ. மரபணுவும் இரண்டு வேறு கிருமிகளில் இருக்கலாம். திரவத்தில் இரண்டும் பாசிட்டிவ் என்பதால் இரண்டும் ஒரே கிருமிக்குச் சொந்தம் என்று எழுதிவிடாதீர்கள்.

மூன்றாவது, தட்டு. சார்பிட்டால் மெக்கான்கி தட்டில் நிறமற்ற காலனியை மட்டும் எடுத்தீர்களா? ஓ157:எச்7 சார்பிட்டால் என்ற சர்க்கரை வகையை 24 மணி நேரத்தில் நொதிக்காது என்பதால்தான் அந்தத் தட்டு. ஓ26, ஓ103, ஓ111, ஓ145 எல்லாம் சாதாரண ஈ.கோலை போலவே இளஞ்சிவப்பாக நிற்கும். அவற்றை நீங்கள் தொட்டிருக்கவே மாட்டீர்கள். தட்டில் மற்றக் கிருமிகளை அடக்கும் டெல்லுரைட் சேர்த்திருந்தால் ஈ.ஏ.ஈ. இல்லாத பல வகைகள் வளராமலே போயிருக்கும். ஒரே மாதிரியை டெல்லுரைட் உள்ள தட்டு, இல்லாத தட்டு இரண்டிலும் பரப்புங்கள்.

நாற்பது காலனி என்பதும் குறைவுதான். ஆயிரத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் உங்கள் கிருமி இருந்தால் நாற்பதில் அகப்பட வாய்ப்பு நான்கு சதவீதம்தான். காலனிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து பி.சி.ஆர். செய்யுங்கள், பாசிட்டிவ் வந்த கூட்டத்தை மட்டும் பிரியுங்கள். எந்த ஓ வகை என்று பி.சி.ஆர். சொல்லியிருந்தால், அதற்கான காந்த மணிகளால் முதலில் பிடித்துச் செறிவாக்குங்கள். அதன் பிறகு பி.எச். 2 அளவுக்கு அமிலமாக்கி ஒரு மணி நேரம் வைத்தால் பின்னணிக் கிருமிகள் பெரிதும் குறையும். ஷிகா நச்சு ஈ.கோலை அமிலத்தைத் தாங்குவதில் கெட்டிக்காரன்.

எடுத்த காலனியை உடனே கிளிசராலில் போட்டு மைனஸ் 80 டிகிரியில் வைத்துவிடுங்கள். திரும்பத் திரும்ப மறுவளர்ப்பு செய்தால் ஃபேஜ் கழன்று போகும். நேற்று பாசிட்டிவாக இருந்த காலனி அடுத்த வாரம் நெகட்டிவ் ஆவதற்கு இது பொதுவான காரணம். பி.சி.ஆர். நெகட்டிவ் வந்த மாதிரிகளையும் அப்படியே நம்பாதீர்கள். இறைச்சிக் கொழுப்பு வினையைத் தடுக்கும். வினை ஓடியதா என்று காட்டச் சேர்க்கும் உள் கட்டுப்பாடு பெருகாத குழாயின் முடிவு நெகட்டிவ் அல்ல, முடிவே அல்ல.

காலனி கிடைத்தால் நச்சின் துணைவகையைக் கட்டாயம் பாருங்கள். ஓ வகையைவிட அதுதான் ஆபத்தைச் சொல்லும். உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வெளியிட்ட வரிசையில், ஷிகா நச்சின் இரு வகைகளில் இரண்டாம் நச்சின் ஏ துணைவகையோடு ஈ.ஏ.ஈ. அல்லது, ஒட்டிக்கொள்ள உதவும் இன்னொரு மரபணுவான ஏ.ஜி.ஜி.ஆர். சேர்ந்தது முதலிடம். முதலாம் நச்சு மட்டும் உள்ளவை வெகு கீழே.

கேள்வி: முளைகட்டிய தானியம் உடம்புக்கு நல்லது என்று பச்சையாகச் சாப்பிடுகிறோம். பத்துத் தடவை கழுவுகிறோம். போதுமா?

பதில்: போதாது. விதையின் விரிசலுக்குள் கிருமி உட்கார்ந்திருக்கும், தண்ணீர் அங்கே எட்டாது. முளைக்க வைக்கும் வெப்பமும் ஈரமும் கிருமிக்கும் ஏற்றவை. இரண்டு மூன்று நாளில் விரல்விட்டு எண்ணக்கூடியவை லட்சக்கணக்காகும். 1996இல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகள் ஓ157க்கு ஆளானபோது சந்தேகம் விழுந்தது முள்ளங்கி முளைகள் மேல். 2011 ஜெர்மனி விவகாரம் வெந்தய முளைகள். பச்சையாக வேண்டாம், ஆவியில் நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். குழந்தை, முதியவர், கர்ப்பிணி உள்ள வீட்டில் இதில் தளர்வே கூடாது. வணிகமாகச் செய்பவர்கள் முளைகளைச் சோதிப்பதைவிட, முளைகட்டத் தொடங்கி 48 மணி நேரம் கழித்து வடியும் தண்ணீரைச் சோதிப்பது பலன் தரும். ஒரு தொட்டியின் எல்லா விதைகளையும் தொட்டு வருவது அந்தத் தண்ணீர் மட்டுமே.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு சி.டிஃபிசில் என்ற தொற்று. சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார். திருப்திக்காக மறுபடி சோதித்தோம், பி.சி.ஆர். பாசிட்டிவ். மருந்தை நீட்டிக்க வேண்டுமா? கைக்கு சானிடைசர் போதுமா?

பதில்: நீட்டிக்க வேண்டாம். அந்தச் சோதனையே தேவையில்லாதது. பி.சி.ஆர். தேடுவது நச்சை அல்ல, நச்சுக்கான மரபணுவை. குணமானவர் குடலில் கிருமி வாரக்கணக்கில் சும்மா தங்கியிருக்கலாம். இந்தக் கிருமியை 1935இல் முதலில் பிரித்தெடுத்ததே ஆரோக்கியமான பச்சிளம் குழந்தைகளின் மலத்திலிருந்துதான். பெருங்குடல் அழற்சிக்கு இது காரணம் என்று தெரிய 1978 வரை ஆனது. இருப்பது வேறு, நஞ்சு சுரந்து நோய் செய்வது வேறு.

24 மணி நேரத்தில் மூன்று முறையோ அதற்கு மேலோ நீராகப் போனால் மட்டுமே சோதிக்க வேண்டும், கெட்டியான மலத்தை ஆய்வகம் திருப்பி அனுப்புவதே முறை. கிருமி இருப்பதைக் காட்டும் ஜி.டி.எச். என்ற புரதம், நச்சு இரண்டையும் சேர்த்துப் பார்த்து, இரண்டும் முரண்பட்டால் பி.சி.ஆர். செய்வது தெளிவான வழி. மாதிரியை உடனே கொடுங்கள் அல்லது ஃபிரிட்ஜில் வையுங்கள். அறை வெப்பத்தில் இந்த நச்சு இரண்டு மணி நேரத்திலேயே சிதைந்து, பொய்யான நெகட்டிவ் தரும்.

சானிடைசர் போதாது. ஆல்கஹால் ஸ்போரை ஒன்றும் செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், அவை கொல்வதில்லை, கழுவி இறக்கிவிடும். கழிவறைக்குக் குளோரின் ப்ளீச். இறைச்சியிலும் காய்கறியிலும் இந்தக் கிருமியைக் கண்டிருக்கிறார்கள். பன்றிகளிலும் மனிதர்களிலும் ஒரே 078 ரகம் கிடைத்திருக்கிறது. ஆனாலும் உங்கள் அப்பாவுக்கு இனி பெரிய ஆபத்து சாப்பாடு அல்ல, தேவையில்லாமல் எடுக்கும் அடுத்த ஆன்டிபயாடிக். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்தத் தொற்று வந்ததை முதலில் சொல்லச் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்குள் மறுபடி போக்கு வந்தால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் குழந்தைக்குத் தேன் ஒரு சொட்டு நாக்கில் வைக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு வயது வரை ஒரு சொட்டும் வேண்டாம், காய்ச்சிய தேனும் வேண்டாம். தேனில், நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சைச் சுரக்கும் பாட்டுலினம் கிருமியின் ஸ்போர் இருக்கலாம். பெரியவர் குடலில் அது முளைக்க மற்றக் கிருமிகள் இடம் கொடுக்காது. குழந்தையின் குடலில் இடம் காலியாக இருக்கிறது. மலச்சிக்கல், பலவீனமான அழுகை, தலை நிற்காமல் துவளுதல் தெரிந்தால் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

கேள்வி: குடல் பாக்டீரியாவின் நஞ்சுதான் இளம் வயதுப் பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்று படித்தேன். எனக்கு 34 வயது. அந்தக் கிருமி இருக்கிறதா என்று சோதிக்கலாமா?

பதில்: நீங்கள் படித்தது கோலிபாக்டின் பற்றி. சில ஈ.கோலை வகைகள் சுரக்கும் இந்த நச்சு 2006இல் தெரியவந்தது. டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் குறுக்கே பிணைத்துவிடும். நிலையற்ற மூலக்கூறு என்பதால் அதைப் பிடித்து வைத்து ஆராய்வது பெரும்பாடு. அது விட்டுப்போகும் தழும்பைத்தான் தேடுகிறார்கள். 2020இல் ஆய்வகத்தில் வளர்த்த குடல் திசுக்களில் இக்கிருமியைச் செலுத்தியபோது, குறிப்பிட்ட ஒரு பிறழ்வு வடிவம் பதிந்தது. அதே வடிவம் நோயாளிகளின் கட்டிகளிலும் இருந்தது. 2025இல் 11 நாடுகளைச் சேர்ந்த 981 கட்டிகளை ஆராய்ந்ததில், 40 வயதுக்கு உட்பட்டவர்களிடம் இந்தத் தழும்பு, 70 வயதைக் கடந்தவர்களைவிட 3.3 மடங்கு அதிகம் தென்பட்டது. தழும்பு பதிந்தது சிறுவயதிலேயே என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள்.

இங்கேதான் உங்கள் கேள்விக்கு விடை. தீங்கு பத்து வயதுக்குள் நடந்திருந்தால், 34 வயதில் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது எதையும் சொல்லாது. அதோடு, ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் இந்த மரபணு உள்ள ஈ.கோலை இருக்கிறது. பாசிட்டிவ் வந்தாலும் செய்ய மருந்து இல்லை. அந்தப் பணத்துக்கு, குடும்பத்தில் யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்ததா என்று விசாரித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மலத்தில் ரத்தமோ, காரணமற்ற ரத்தசோகையோ இருந்தால் வயது குறைவு என்று தள்ளிப்போடாமல் கொலோனோஸ்கோபி பற்றிக் கேளுங்கள்.

சுவாரசியமான ஒரு முரண்: நிஸ்லே 1917 என்று புரோபயாடிக் ஆகப் பல்லாண்டுகளாக விற்கப்படும் ஈ.கோலையிலும் இதே மரபணுத் தொகுதி இருக்கிறது. தேவையில்லாமல் அதை எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

கேள்வி: ஒரு விடுதியில் முப்பது பேருக்கு ஒரே நேரத்தில் வயிற்றுப்போக்கு என்றால், ஆய்வகத்துக்கு என்ன அனுப்புவது? மிச்சமிருந்த சாப்பாட்டை உறைய வைத்து அனுப்பினால் 'கிருமி இல்லை' என்று வந்துவிடுகிறது.

பதில்: உறைய வைத்ததுதான் காரணமாக இருக்கலாம். பெர்ஃபிரிஞ்சன்ஸ் செல்கள் உறையும்போது பெருமளவில் செத்துவிடும். மிச்ச உணவு 200 கிராமாவது சுத்தமான பாத்திரத்தில் எடுத்து, ஐஸ் பொதிகளுக்கு நடுவே 0 முதல் 4 டிகிரியில், அன்றே அனுப்புங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், சம அளவு 20 சதவீத கிளிசரால் உப்புக் கரைசலில் கலந்து உலர் பனியில் வைக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்திடம் முன்கூட்டிப் பேசினால் அவர்களே கொடுப்பார்கள்.

மறுசூடு செய்த உணவென்றால் கல்ச்சர் மட்டும் கேட்காதீர்கள். ஸ்டஃபிலோகாக்கஸ் செத்து நச்சு மட்டும் மிஞ்சியிருக்கும். அங்கே நச்சுக்கான எலைசா சோதனைதான் பேசும்.

உணவு கிடைக்காவிட்டாலும் வழி உண்டு. ஆன்டிபயாடிக் தொடங்கும் முன், முதல் 48 மணி நேரத்துக்குள், குறைந்தது ஐந்தாறு பேரின் மலத்தை எடுங்கள். பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்றால் குறைந்தது இரண்டு பேருக்குக் கிராமுக்குப் பத்து லட்சமாவது இருக்க வேண்டும், அல்லது அவர்கள் மலத்திலேயே அதன் நச்சு தெரிய வேண்டும். உணவில் என்றால் கிராமுக்கு ஒரு லட்சம். ஒருவர் மலத்தில் மட்டும் கிருமி இருந்தது என்பது ஒன்றையும் நிரூபிக்காது, அது சாதாரணமாகவே குடலில் வாழ்வது. வாந்தி முன்னணியில் இருந்தால் வாந்தியையும் சேர்த்து அனுப்புங்கள்.

மாதிரியோடு ஒரு தாள் போக வேண்டும். யார் எந்த நேரத்தில் என்ன சாப்பிட்டார்கள், எந்த நேரத்தில் முதல் அறிகுறி, வாந்தியா போக்கா, நோய் வராதவர்கள் எதைச் சாப்பிடவில்லை. அந்தத் தாள் இருந்தால் எந்தச் சோதனையை முதலில் போடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியும். இல்லையென்றால் இருக்கிற 200 கிராமையும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துப் போட்டுத் தீர்த்துவிடுவார்கள்.